தோள்பட்டை

தமிழ்ச் சொற்களுட் சில, இரண்டு பொருள்களை ஒரே முதுகிற் சுமந்துகொண்டு நெடுங்காலமாக நடந்து வருகின்றன. ‘தோள்பட்டை’ அவ்வகையினது. கழுத்துக்கும் கைக்கும் இடைப்பட்ட எலும்பையும் தசையையும் அச்சொல்லால் குறிக்கிறோம். பையிலிருந்து எழுந்து அவ்வெலும்பின்மேற் படியும் வாரையும் அச்சொல்லாலேயே குறிக்கிறோம். மருத்துவரிடம் சென்று தோள்பட்டை போய்விட்டது என்றால் ஒரு பொருள். பை தைப்பவரிடம் சென்று அதையே சொன்னால் வேறு பொருள். எம் தமையனாருக்கு இவ்விரண்டும் ஒரே ஆண்டில், நான்கு மாத இடைவெளியில் போயின. துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமெனக் கேட்ட துறைத்தலைவர், கம்பரையோ உமறுப் புலவரையோ விடுத்துக் கேமராப் பையின் வார் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறோம் என்று யாம் கூறியதும் சற்றே தயங்கினார், பின்னர் இசைந்தார்.

தமையனார் ஆத்தூரில் ஒளிப்படக் கலைஞர். 1985ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ஊரிலிருந்த ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தவர். முதலில் அவர் கையாண்டது யாஷிகா மேட் 124ஜி என்னும் இரட்டைக்கண் கேமரா. ஒரு சுருளுக்கு 12 படங்களே விழும். ஆகவே திருமணத்தில் எந்த நொடியைப் பிடிப்பது, எதை விடுவது என்பதில் ஒரு சிக்கனம் இருந்தது. பின்னர் நிக்கான் எப்.எம்.2 வந்தது. அதன் உடல் 540 கிராம்தான். கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு, பிளாஷ் ஒன்று, பத்துப் பன்னிரண்டு சுருள்கள் என எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டியதில்லை. பள்ளிச் சிறுவராயிருந்த யாம் பிளாஷைத் தூக்கிப் பிடிக்கும் பணியில் அவருடன் பல திருமணங்களுக்குச் சென்றதுண்டு. பையைத் தூக்கவும் கெஞ்சியதுண்டு. அதனை மட்டும் அவர் எவரிடமும் கொடுத்ததில்லை.

டிஜிட்டல் காலம் சுருளை ஒழித்ததே தவிரச் சுமையைக் குறைக்கவில்லை. ஒரு கேமரா பழுதானால் திருமணம் காத்திராது என்பதால் இரண்டு உடல்கள் வேண்டும். மணவறையை நெருங்க விடாமல் வீடியோக்காரர்களும் உறவினரின் கைப்பேசிகளும் சூழ்ந்து நிற்பதால் தொலைவிலிருந்து எடுக்க 70-200 மி.மீ. லென்ஸ் வேண்டும், அஃதொன்றே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மின்கலங்கள், சார்ஜர், பிளாஷ் இரண்டு, மழைக்கு ஓர் உறை. பலசரக்குக் கடைத் தராசில் ஒருநாள் வைத்துப் பார்த்தோம்: 7 கிலோ 400 கிராம். சுமை இரு மடங்கிற்கு மேலாகி விட்டது. அதைத் தாங்கிய வார் மட்டும் பழையதே.

அவ்வாரின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். வாணியம்பாடியில் தோல் மண்டி ஒன்றிற் கணக்கெழுதி வந்த எம் தாய்மாமன், 1989இல் ஒரு நோன்புப் பெருநாளுக்கு ஆத்தூர் வந்தபோது, செய்தித்தாளிற் சுற்றிய தோல்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மருமகன் கையில் வைத்தார். மரப்பட்டையிற் பதனிட்ட எருமைத்தோல். மாட்டின் முதுகெலும்பை ஒட்டிய பகுதியிலிருந்து நீளவாக்கில் வெட்டியது. வயிற்றுப் பகுதித் தோல் இழுத்தால் நீளும், முதுகுத் தோல் நீளாது, வாருக்கு ஆவது அதுவே என்று மாமா விளக்கியது எமக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆவாரம்பட்டை தோலைப் பதப்படுத்த, அத்தோல் பைக்குப் பட்டையாயிற்று. பட்டையாற் பிறந்த பட்டை! வார் என்னும் சொல்லும் இங்கே பொருந்தி வருகிறது. வார்தல் என்னும் உரிச்சொல்லுக்கு நேர்மையும் நெடுமையும் பொருளாகத் தொல்காப்பியம் கூறும். நேராகவும் நீளமாகவும் வெட்டப்பட்ட தோலுக்கு அதனினும் ஏற்ற பெயர் கிடைப்பதரிது.

ஓர் அங்குல அகலமுள்ள அவ்வார் மூன்று பைகளைக் கண்டுவிட்டது. பை கிழியும்போதெல்லாம் வாரைக் கழற்றி அடுத்த பையில் மாட்டிக் கொள்வார். பைகளோடு வந்த நைலான் வார்கள் கொடியிலே துணி உலர்த்தக் கட்டப்பட்டன. தோல்வாரிலும் குறை இல்லாமலில்லை. மரப்பட்டைச் சாறு வியர்வையில் ஊறி வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கோடு ஒன்றை விட்டுச் செல்லும். வலத்தோளிலிருந்து விலாவரை அக்கோடு இல்லாத சட்டை அவரிடம் இல்லை. “உன் அண்ணனைத் தேடணும்னா கோடு போட்ட சட்டையத் தேடு” என்று அம்மா சொல்வார்.

சென்ற மாசியில் அந்த வலத்தோள் எழும்ப மறுத்தது. சட்டைக் கையை நுழைக்க முடியவில்லை, தலைவார முடியவில்லை. சேலத்தில் எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, இது உறைந்த தோள் என்றார். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம் வருவது. தமையனாருக்கு நீரிழிவு வந்து 12 ஆண்டுகள். பைதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. ஆயினும் பை அதனை ஆறவிடாது என்றார். சுவரில் விரல்களை நடத்திச் சிறிது சிறிதாகக் கையை உயர்த்தும் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார். ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம், பொறுமை வேண்டும் என்றார். அதுவரையில் திருமணங்கள் பொறுத்திருக்குமா? கைப்பேசியிலேயே கேமரா வந்தபின் பெயர்சூட்டு விழா, வளைகாப்பு, பூப்புநீராட்டு முதலிய சிறு நிகழ்ச்சிகள் கைவிட்டுப் போயின, எஞ்சியிருப்பவை திருமணங்களே. உதவிக்கு வரும் இளைஞர் திருமண நாளில் மட்டுமே வருவார். ஏனைய நாட்களில் பேருந்தேறித் தம்மம்பட்டிக்கோ தலைவாசலுக்கோ தனியே செல்ல வேண்டும்.

இது போதாதென்று, ஆனி முதல் வாரத்தில் மண்டபம் ஒன்றிற் பையின் வளையம் பெயர்ந்தது. வார் அறவில்லை, வளையத்தைப் பையோடு இணைத்திருந்த தையல் அஞ்சல்தலையின் ஓரத்தைப் போலக் கிழிந்து வந்துவிட்டது. பை சரிந்து அவர் முழங்காலில் விழுந்ததால் உள்ளிருந்தவை பிழைத்தன. பையைச் செய்த நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. எல்லா நிறுவனப் பைகளிலும் இது காணப்படுவதே: வார் எவ்வளவு வலிதோ அவ்வளவு மெலிது அது பையைப் பற்றும் இடம். வாங்குவோர் வாரை இழுத்துப் பார்க்கிறார்கள். வளையத்தின் அடியிலுள்ள தையலைப் பார்ப்பவர் குறைவு.

முதுகுப்பை வாங்கலாமே என்றார் எம் மாணவர் ஒருவர். இரு தோளிலும் சுமை பகிர்வதால் அது நன்று என்பது உண்மையே. ஆனால் இரு கைகளையும் பின்னால் வளைத்து நுழைக்க வேண்டும்; உறைந்த தோளுக்கு ஆகாத அசைவு அதுவே. மேலும் லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் பையைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும். தாலி கட்டும் வேளையில் அதற்குள் மூன்று முடிச்சும் முடிந்துவிடும். சக்கரம் வைத்த பெட்டியைத் தெருக்களில் இழுத்துப் பார்த்தவர்கள் அதனை எமக்குப் பரிந்துரைக்க மாட்டார்கள். இணையவழிக் கடைகளில் விதவிதமான வெளிநாட்டு வார்கள் கிடைக்கின்றன; அவற்றின் அகலமும் மென்மையும் போற்றத்தக்கன. எனினும் அவை அனைத்தும் தலைவழியே மாட்டிக்கொள்ளத்தக்க கைகள் உடையவர்க்கெனச் செய்யப்பட்டவை.

பையைத் தோளில் மாட்டுவதற்கு இரு முறைகள் உள்ளன. ஒரே பக்கத் தோளில், அப்பக்கமே தொங்குமாறு மாட்டுவது ஒன்று. இதிற் பை நழுவாதிருக்க அறியாமலே தோளைச் சற்று உயர்த்திப் பிடிக்கிறோம். நாள்முழுதும் உயர்த்திய தோள் இரவில் நோகிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இம்முறையிற் சுமந்த தமையனார் பை இல்லாதபோதும் வலத்தோளை உயர்த்தியே நடப்பார். குடும்பப் படங்களிலெல்லாம் அவர் சற்றுச் சாய்ந்தே நிற்கிறார். மற்றொன்று மார்பின் குறுக்கே அணிவது. நம் பேருந்து நடத்துநர்கள் பணப்பையை அணியும் முறை அது. ஓடும் வண்டியில் ஒரு கை கம்பியைப் பற்ற, மறு கை சீட்டுக் கொடுக்க, தோளை உயர்த்தி வார் பிடிக்க அவர்களுக்கு ஏது நேரம்? வார் நழுவாது; சுமை இடுப்போடு ஒட்டும்; முதுகு நிமிரும்.

ஆனால் குறுக்கே அணிவதற்குக் கையை உயர்த்தித் தலைவழியே இட வேண்டும். நல்ல முறை எதுவோ அதுவே அவருக்கு இயலாத முறையாக இருந்தது. ஒரு மாத காலம் அண்ணியார்தாம் காலையில் பையைத் தூக்கி அவர் தலைவழியே அணிவித்து அனுப்பினார். மண்டபத்தில் கழற்றினால் மீண்டும் அணிவிக்க எவரையேனும் வேண்டி நிற்க வேண்டும். மணமகளின் தந்தையிடம் “கொஞ்சம் இதைப் போட்டு விடுறீங்களா?” என்று கேட்க நேர்ந்த அன்று அவர் வீட்டிற்கு வந்து உணவு கொள்ளவில்லை.

சுமப்பதைப் பற்றி நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு ஒரு சான்றைச் சொல்லாமல் மேலே செல்லத் தமிழாசிரிய மனம் ஒப்பவில்லை. இன்று உழுகருவியையே நினைவூட்டும் ‘கலப்பை’ என்னும் சொல், சங்க காலத்தில் இசைக் கலங்களை இட்டுச் சென்ற பையையும் குறித்தது. கலம், பை என்னும் இரு சொற்களின் கூட்டு அது. மலைபடுகடாம் கூத்தரின் இசைக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டி, அவற்றைப் பைகளிலிட்டுக் காவிற் சுமந்து செல்வதைக் காட்டுகிறது. கா என்பது தோளில் வைக்கும் தண்டு. இரு முனையிலும் சுமை தொங்கும். முன்னும் பின்னும் நிகராதலின் உடல் ஒருபுறம் சாயாது. தொழிற்கருவியோடு ஊர் ஊராகச் சென்று பிறர் வீட்டு மகிழ்ச்சியில் வயிறு கழுவிய பாணரும் கூத்தரும் எம் தமையனாரின் முன்னோடிகளே என்று யாம் சொன்னபோது, “அவங்களுக்கு லென்ஸ் மாத்துற வேலை இல்ல, தம்பி” என்று அவர் முடித்துவிட்டார்.

ஆடி பிறந்தது. திருமணங்கள் ஓய்ந்த மாதம். ஆத்தூர்ப் பேருந்து நிலையத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் அமர்ந்து செருப்பும் பையும் தைக்கும் பெரியவர் ஒருவர் உளர். நடத்துநர்களின் பணப்பைகள் பல அவர் கைபட்டவை. நாற்பது ஆண்டுத் தொழில். அவரிடம் சென்று கிழிந்த பையை வைத்து, தோள்பட்டையைச் சரிசெய்ய வேண்டும் என்று தமையனார் சொன்னார். பெரியவர் பையைப் பார்ப்பதற்கு முன்னே ஆளைப் பார்த்தார்.

“பையோடதா பாய், உங்களோடதா?”

சிரிப்பு அடங்கியபின், எழுந்து நில்லுங்கள், கையை எவ்வளவு தூக்க முடிகிறது காட்டுங்கள் என்றார். வலக்கை இடுப்புக்கு நேரே நன்றாக இயங்கியது, மார்புவரை வந்தது, அதற்குமேல் இல்லை. இடக்கையில் குறையில்லை. இவ்வளவையும் பார்த்தபின்னரே பையைக் கையிலெடுத்தார். அளவெடுக்கும் தையற்காரரிடம் யாம் கண்டிராத கவனம் அது.

அவருடைய முதல் முடிவு வளையத்தை ஒழிப்பது. “மேல புடிச்சுத் தூக்குனா பை கிழியத்தான் செய்யும். அடியில ஏந்துனா எதுக்குக் கிழியுது?” என்றார். இரண்டு அங்குல அகலப் பருத்தி நாடா மூன்று மீட்டர் வாங்கி வரச் சொன்னார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினோம். அந்நாடாவைப் பையின் ஒரு பக்கவாட்டில் இறக்கி, அடிப்பாகத்தின் கீழே செலுத்தி, மறுபக்கவாட்டில் ஏற்றித் தைத்தார். இப்போது பை நாடாவில் தொங்கவில்லை. குழந்தை தூளியில் இருப்பதுபோல் அதன்மேல் அமர்ந்திருந்தது. பின்னாளில் யாம் படித்தறிந்த செய்தி ஒன்று: அமெரிக்காவின் பிலடெல்பியா நகரச் செய்தித்தாள் ஒன்றிற் பணியாற்றிய ஜிம் டோம்கி என்னும் ஒளிப்படக் கலைஞர், 1970களின் இடைப்பகுதியில் தமக்கெனக் கித்தான் பை ஒன்றை வடிவமைத்தபோது இவ்வாறே பருத்தி நாடாவைப் பையின் அடிவழியே சுற்றிவரச் செய்தார், நாடா வழுக்காதிருக்க அதனூடே ரப்பர் இழைகளையும் நெய்வித்தார். அவர் பெயரிலேயே அப்பைகள் உலகெங்கும் விற்பனையாயின. வேப்பமரத்துப் பெரியவர் அவரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஒரே சுமை, ஒரே தோள், ஆகவே ஒரே விடை.

நைலானைத் தவிர்த்ததற்கும் அவரிடம் காரணம் இருந்தது. நைலான் வலிது, ஆனால் பாலியெஸ்டர் சட்டையின்மேல் வழுக்கும், வழுக்குவதைப் பிடிக்கத் தோள் மீண்டும் உயரும். பருத்தி துணியைப் பற்றும். தையலும் அவ்வாறே எண்ணிச் செய்யப்பட்டது. சதுரமாகத் தைத்து, உள்ளே மூலைக்கு மூலை குறுக்காக ஒரு பெருக்கல் குறி. துளைகளை நெருக்கினால் ஊசியே நாடாவை அறுத்துவிடும், விட்டால் பிடி தளரும். இடையே ஒரு நெல்லளவு. குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலை அதன் கொக்கியில் மாட்டி இழுத்து, எழுந்த வளையத்துள் மறுநூலைச் செலுத்தி இறுக்குவார். ஒவ்வொரு தையலும் தனித்தனியே பூட்டப்படுவதால் ஒன்று அறுந்தாலும் அடுத்தது நிற்கும்.

அடுத்து மென்பட்டை. கடைகளில் விற்பது பஞ்சு போன்ற நுரை. கையால் அழுத்திப் பார்க்க இன்பமாயிருக்கும். ஏழு கிலோ ஏறியதும் அந்நுரை அப்பளமாகிவிடும். தலைச்சுமைக்கு நம் பெண்கள் முறுக்கிக் கட்டும் சும்மாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்; அது தலையணை போல் மெத்தென்று இருப்பதில்லை. இறுகியிருப்பதாற்றான் குடத்தின் எடையைப் பரப்பிக் கொடுக்கிறது. பெரியவர் தம் பெட்டியிலிருந்து எடுத்தது எம்.சி.ஆர். என்னும் நுண்துளை ரப்பர்த் தட்டு. நீரிழிவு நோயாளர்க்கான செருப்புகளில் இடப்படுவது. தமையனார் அன்று அணிந்திருந்த செருப்பும் அதுவே. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1950களில் டாக்டர் பால் பிராண்டும் அவர்தம் குழுவினரும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காக்க இவ்வகை ரப்பரைச் செருப்பில் இட்டனர். உணர்வற்ற காலிற் புண் வருவது, ஒரே இடத்தில் அழுத்தம் மீண்டும் மீண்டும் விழுவதால் என்று கண்டு, அவ்வழுத்தத்தைப் பரப்பும் வழியைத் தேடியதன் பயன் அது. காலுக்குக் கண்ட நெறி தோளுக்கும் ஆகும். ஓர் அங்குல வார் தோளில் பன்னிரண்டு செண்டிமீட்டர் நீளம் படிகிறது என்று கொண்டால், சதுர செண்டிமீட்டருக்குக் கால் கிலோவளவு அழுத்தம். அகலத்தை இரட்டித்தால் அது பாதியாகும்.

ஆயினும் இக்கணக்கு முழுதும் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. மனிதத் தோள் கழுத்திலிருந்து சரிந்து இறங்குவது. நேராக வெட்டிய அகலப் பட்டை அச்சரிவில் முழுதும் படியாமல் கழுத்தோரத்து விளிம்பு மட்டும் அறுக்கும்; அகலப் பட்டை வாங்கியும் வலி குறையவில்லை என்பார் பலரின் குறை இதுவே. பெரியவர் ரப்பர்த் தட்டைப் பிறை வடிவில் வெட்டினார். பிறையின் உட்குழிவு கழுத்தின் பக்கம் வருமாறு வைத்து, இரு துணிகளுக்கிடையே தைத்தார். இதற்கென அவர் எந்த அளவுகோலையும் எடுக்கவில்லை. தமையனாரின் இடத்தோளில் ஒரு செய்தித்தாளை வைத்துக் கையால் அமுக்கி, மடிந்த வழியே கத்தரித்துக்கொண்டார்.

எஞ்சியது மாட்டும் வழி. பெரியவர் வாரின் முன்முனையைப் பையிலிருந்து பிரித்தே விட்டார். பின்முனை மட்டும் பையோடு இருக்கும். பையை நாற்காலியிலோ மேசையிலோ வலப்புறம் வைத்து, வாரை முதுகின் பின்னால் இடக்கையாற் பற்றி இடத்தோளின்மேல் இட்டு, மார்பின் குறுக்கே இறக்கி, வல இடுப்பின் முன்னால் ஒரு கொக்கியில் மாட்டிவிட வேண்டும். காரில் அமர்ந்து இருக்கைப் பட்டை போட்டுக்கொள்வது போல. 1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனைப் பட்டையின் சிறப்புகளுள் ஒன்று, அதனை ஒற்றைக் கையால் மாட்ட முடிவது. இங்கும் வலக்கை இடுப்புயரத்துக்குமேல் எழ வேண்டியதேயில்லை.

கொக்கிக்காக மூன்று நாள் அலைந்தோம். பள்ளிப் பைகளின் பிளாஸ்டிக் கிளிப்பைப் பெரியவர் ஏற்கவில்லை. வெயிலில் முறியும் என்றார். கடைசியில் நாய்ச்சங்கிலி விற்கும் கடையொன்றில் கனமான பித்தளைச் சுழல்கொக்கி கிடைத்தது. அதைத் தைத்து முடித்து, பையினுள் 15 கிலோ அரிசிச் சிப்பத்தை வைத்து வேப்பங்கிளையில் தொங்கவிட்டார். நண்பகல் தொழுகைக்குச் சென்றவர்கள் மாலைத் தொழுகை முடித்து வந்து பார்த்தோம். நாடா ஒரு விரற்கடை நீண்டிருந்தது, அவ்வளவே. நீண்டதைக் கணக்கிட்டு முனையைச் சுருக்கித் தைத்தார்.

அன்றிரவு வீட்டில், சாப்பாட்டு மேசையருகே நாற்காலியிற் பையை வைத்துத் தமையனார் தாமே மாட்டிப் பார்த்தார். முதன்முறை கொக்கி தவறியது. இரண்டாம் முறை மாட்டிற்று. வாசல்வரை நடந்து, திரும்பி வந்து, கழற்றி, மீண்டும் மாட்டினார். அடுக்களை வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணியார், “சோறு ஆறுது” என்று மட்டும் சொன்னார்.

குறையே இல்லையா எனின், உண்டு. குனிந்தாற் பை முன்னால் ஊசலாடி வருகிறது. இடுப்பில் ஒரு சிறு பட்டை கட்டினால் நிற்கும் என்று பெரியவர் சொல்ல, மண்டபத்தில் மூட்டை தூக்குபவன்போல் நிற்க மாட்டேன் என்று தமையனார் மறுத்துவிட்டார். அத்தொழிலில் என்ன இழிவு கண்டார் என்று யாம் கேட்டதற்கு விடையில்லை. மேலும், எத்துணைச் சிறந்த வாரும் ஒரு கிராமையும் குறைப்பதில்லை. இரண்டு லென்ஸ்களை வீட்டில் வைத்துவிட்டு இப்போது ஆறு கிலோவிற்குள் நிறுத்தியிருக்கிறார். கழுத்தோரம் சிவந்த தடம் இரண்டு மாதத்தில் மறைந்தது. வலத்தோள் மருத்துவர் சொன்னபடி தன் போக்கில் மெல்ல இளகி வருகிறது; சுவரில் விரல்கள் ஏறிய உயரத்தை அண்ணியார் பென்சிலாற் கோடிட்டு வைக்கிறார்.

இனிப் பழைய வார். புதிதைத் தைக்கத் தொடங்கிய அன்றே, அத்தோலையும் எப்படியாவது சேர்த்துவிடுங்கள் என்று தமையனார் கேட்டிருந்தார். பெரியவர் அதை விரல்களுக்கிடையே உருவிப் பார்த்தார், முகர்ந்தார், வெட்டுமுகத்தை நகத்தாற் கீறினார். “இது பட்டையில ஊற வெச்ச தோலு. குரோமுல போட்டது இல்ல. எங்கிருந்து வந்துச்சு?” என்றார். மரப்பட்டையிற் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு அதனைச் சில நாட்களில் முடித்துவிடும். ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் சென்னையில் குரோமிய முறையைச் செய்து காட்டியபின் மெல்ல மெல்லத் தொழில் அப்பக்கம் சாய்ந்தது. அதன் கழிவு பாலாற்றில் என்ன செய்தது என்பதை 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் காணலாம்.

அத்தோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் பெரியவர் தம் குடும்பத்தையும் சொன்னார். மகன் சேலத்தில் கொலுசுப் பட்டறையில் இருக்கிறார்; குத்தூசியைத் தொடமாட்டேன் என்று சிறுவயதிலேயே சொல்லிவிட்டாராம். “தோலுக்கு வெல உண்டு பாய். தைக்கிறவனுக்குத்தான் வெல இல்ல. பள்ளிக்கூடத்துல அவன் பேரச் சொல்லிக் கூப்புட மாட்டாங்க, வேலையச் சொல்லித்தான் கூப்புடுவாங்க” என்றார். கேட்டுக்கொண்டு நின்ற எமக்கு வேறொன்று நினைவில் ஓடியது. 1951இல் திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகமது கல்லூரியைக் காஜாமியான் ராவுத்தரோடு சேர்ந்து நிறுவிய ஜமால் முகமது சாகிபு தோல் வணிகர். 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்த வாணியம்பாடி தோலால் வாழ்ந்த ஊர். நம் சமூகத்தார் கல்வி பெற்றதில் தோலுக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்காக அப்பெருமக்களை நன்றியோடு நினைக்கிறோம். அதே தோலை மடியில் வைத்துத் தைத்தவரின் பிள்ளை பள்ளியில் தன் பெயரால் அழைக்கப்படவில்லை. அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தமிழ்நாட்டிற் சட்டமானது 2009இல். உள்வகைப்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது 2024 ஆகஸ்டில். பெரியவரின் பேரன் இப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு பயில்கிறார். பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்களாம். அதையும் அவர் சொன்னார்.

தோலைப் புதிய நாடாவின்மேல் அழகுக்காகப் பதிப்பதற்குப் பெரியவர் இசையவில்லை. முப்பத்தைந்து ஆண்டு வியர்வை குடித்த தோல், மேலும் துளையிட்டால் தாங்காது. சுமை தாங்காத ஒன்றைத் தோளில் ஏன் ஏற்ற வேண்டும் என்றார். அதற்கு மாறாக, கொக்கியும் வளையமும் நாடாவை அராவும் இரண்டிடங்களில் விரலகலத் துண்டுகளாக வெட்டி உறைபோல் மடித்துத் தைத்தார். உராய்வைத் தாங்குவதில் நாடாவைவிடத் தோல் மேல். மாமா கொடுத்தது பையை விட்டுப் போகவில்லை என்பதில் தமையனாருக்கு நிறைவு.

மீதித் துண்டு ஏறக்குறைய ஒரு முழம் இருந்தது. கூலி 350 ரூபாய் என்றவர், சற்றுத் தயங்கி, “கூலி வேணாம். இதக் குடுத்துட்டுப் போங்க. இந்தத் தோலு இப்பக் கெடைக்கிறதில்ல” என்றார். தமையனார் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு அதை அவர் மடியில் வைத்து, கூலியையும் அதன்மேல் வைத்தார். பெரியவர் பணத்தில் நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அது எந்தக் கணக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

கார்த்திகையில் எம் செருப்பு ஒன்றைத் தைக்க அவ்வழியே சென்றோம். நூலை இழுக்கும்போது அறுக்காதிருக்க உள்ளங்கையில் ஒரு தோலுறை கட்டியிருந்தார். பழுப்பேறிய அத்தோலை எமக்குத் தெரியும். முக்காலியின் உறைக்கும் ஒரு பட்டை வைக்க வேண்டும் என்று தமையனார் சொல்லியனுப்பியதைச் சொன்னோம். மார்கழியில் கொண்டுவரச் சொன்னார். அதுவரையில் பாய்க்கு நேரம் இராது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.